குர்சுராவில் பேரன் கேட்ட கேள்வி

கடலூர் முதுநகர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். சென்ற வாரம் நீ தொலைபேசியில் சொன்ன ஒன்று மனத்தை விட்டு அகலவில்லை. விசாகப்பட்டினம் கடற்கரையில் நிற்கும் குர்சுரா நீர்மூழ்கிக்குள் பேரனை அழைத்துச் சென்றபோது, "சண்டையில் அடிபட்டு இதில் ஓட்டை விழுந்தால் உள்ளே இருப்பவர்கள் பிழைப்பார்களா?" என்று அவன் கேட்டதாகவும், "ஓட்டை விழுந்தால் அவ்வளவுதான்" என்று நீ பதில் கூறிவிட்டு நகர்ந்ததாகவும் சொன்னாய். முப்பது ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள் நான். படகு கட்டும் ஓடாவியின் மகளும் கூட. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அடிபட்டும் கரை திரும்பிய நீர்மூழ்கிகள் உண்டு, அவை திரும்பியதற்குக் காரணங்களும் உண்டு. அவற்றை அந்தப் பிள்ளைக்கு நீ எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஓட்டை எந்த உடலில் விழுந்தது என்பதை முதலில் கேட்க வேண்டும். குர்சுரா போன்ற கப்பலுக்கு இரண்டு உடல்கள் இருக்கின்றன. வெளியே தெரிவது மெல்லிய தகடு. அதற்கும் உட்கூட்டுக்கும் இடைப்பட்ட தொட்டிகளில் கப்பல் மூழ்கவும் மிதக்கவும் உதவும் கடல்நீரும், எரிபொருளும் இருக்கும். அந்தத் தகடு கிழிந்தால் டீசல் கசிந்து மேலே படலமாக மிதந்து எதிரிக்கு இருப்பிடத்தைக் காட்டிக் கொடுக்குமே தவிர, உள்ளே இருப்பவர் மூச்சு அதனால் நின்றுவிடாது. ஆட்கள் இருப்பது அழுத்தத்தைத் தாங்கும் உட்கூட்டில். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் மிகுதியாகக் கட்டிய ஏழாம் வகை நீர்மூழ்கியில் அதன் எஃகின் தடிமன் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் மட்டுமே.

அவ்வளவு மெல்லியது எப்படித் தாங்குகிறது என்றால், அதன் வட்டத்தால். நம் வீட்டுக் கொல்லையில் உறைக்கிணறு இறக்கியது நினைவிருக்கிறதா? சுற்றிலும் மணல் நெருக்க நெருக்க, வட்டமான உறை தன்னைத்தானே இறுக்கிக்கொண்டு நின்றது. லேசாகக் கோணிப்போயிருந்த ஓர் உறையை மட்டும் உன் தாத்தா இறக்க விடவில்லை. உட்கூடும் அப்படித்தான். அடி விழுந்து அது ஓரிடத்தில் உள்வாங்கிவிட்டால், ஒரு சொட்டு நீரும் கசியாவிட்டாலும், முன்பு இறங்கிய ஆழத்துக்கு அதை நம்பி இறக்க முடியாது. உப்பனாற்றங்கரையில் படகு பார்க்கும்போது தாத்தாவும் பலகை உடைந்ததைப் பெரிதாக எண்ணமாட்டார், மாற்றிக் கலப்பற்றுப் பார்த்து, அதாவது இடுக்குகளை நீர் புகாமல் அடைத்து, முடித்துவிடுவார். விலா எலும்பு போன்ற வங்குக்கால் திருகியிருந்தால்தான் முகம் மாறும்.

அடுத்தது ஆழம். இந்தக் கணக்கை அவன் முன்னால் தாளில் போட்டுக் காட்டு. ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓட்டை ஒன்று நூறு மீட்டர் ஆழத்தில் விழுந்தால், நிமிடத்துக்கு மூன்று டன் அளவுக்கு நீர் உள்ளே பாயும். அதே கப்பல் மேலே வந்து, ஓட்டை நீர்மட்டத்துக்கு நான்கு மீட்டர் கீழே இருக்குமானால், ஆழம் இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறைந்ததால் நீரின் வேகம் ஐந்தில் ஒரு பங்காகும். நிமிடத்துக்கு அரை டன்னைவிடச் சற்றுக் கூடுதலாகவே நுழையும். ஆழத்தில் பம்பும் வெளியழுத்தத்தை எதிர்த்தே நீரைத் தள்ள வேண்டியிருப்பதால் அதன் திறனும் குறைந்துபோகும். மேலும், மூழ்கியிருக்கும் கப்பல் தன் எடையும் விலக்கும் நீரின் எடையும் சமமாக நிற்பது, கூடுதலாக நுழையும் ஒவ்வொரு டன்னும் அதைக் கீழே இழுக்கும். மேற்பரப்பில் அந்த ஏழாம் வகைக் கப்பலுக்கு ஏறத்தாழ நூறு டன் மிதப்புக் கையிருப்பு, அதாவது மூழ்குவதற்கு முன் தாங்கக்கூடிய கூடுதல் எடை, இருந்தது. ஆகவே பிழைப்பதற்கான வழி பெரும்பாலும் ஒன்றுதான்: அழுத்தக்காற்று தீருவதற்குள் தொட்டிகளின் நீரை வெளியேற்றி மேலே வருவது. மேலே எதிரிக் கப்பல் காத்திருக்கும் என்பதுதான் போர்க்காலத்தின் கொடுமை.

ஓட்டையே விழாமலும் சாவு வரலாம் என்பதையும் சொல். நீருக்கடியில் வெடிக்கும் ஆழ்குண்டின் அதிர்ச்சியில் கடல்நீர்க் குழாய்களும் வால்வுகளும் முறியும். மின்கலங்கள் உடைந்து, அவற்றின் அமிலத்தோடு கடல்நீர் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

இத்தனைக்கும் பிறகு திரும்பியவற்றுள் என்னை மிகவும் நெகிழ வைத்தது ஜெர்மனியின் யு-505. 1942 நவம்பர் 10 அன்று டிரினிடாட் அருகே மேற்பரப்பில் இருந்த அதன்மீது ஒரு பிரிட்டிஷ் ஹட்சன் விமானம் மிகத் தாழப் பறந்து குண்டு போட்டது. குண்டு தளத்திலேயே வெடித்ததில் விமானமும் சிதறி அதிலிருந்தவர்கள் மாண்டனர். நீர்மூழ்கியின் உட்கூடு பிளந்தது. தலைவர் கப்பலைக் கைவிடச் சொன்னார். ஆனால் இயந்திரப் பிரிவினர் காப்பாற்ற முடியும் என்று உறுதியாக நின்று, ஏறத்தாழ இரண்டு வாரம் பாடுபட்டு நீர் புகாதபடி அடைத்தனர். டிசம்பரில் அது பிரான்சின் லோரியாங் துறைமுகத்தை அடைந்தது. எதிர்த்தரப்பின் கப்பலாயிற்றே என்று நீ நினைக்கலாம். ஓட்டையை அடைப்பவனின் கைகளை நான் அப்படிப் பிரித்துப் பார்க்க வளரவில்லை.

பிரிட்டனின் டிரையம்ப் 1939 டிசம்பரில் கண்ணிவெடியில் மோதி, முன்முனையில் பதினெட்டு அடியை இழந்தும் ஊர் வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் சால்மன் 1944 அக்டோபர் 30 அன்று, தன் வரம்பைத் தாண்டிய ஆழத்துக்குத் தள்ளப்பட்டு, வேறு வழியின்றி மேலே வந்து பீரங்கியால் போரிட்டுத் தப்பியது. ஆனால் மறுபடி போருக்குச் செல்லவே இல்லை. தப்பியதும் தேறியதும் ஒன்றல்ல.

மறுபக்கத்தை மறைத்துவிடாதே. ஜெர்மானிய நீர்மூழ்கிகளில் சென்றவர்களுள் ஏறக்குறைய முக்கால் பங்கினர் திரும்பவில்லை. நீ வசிக்கும் ஊருக்கு வெளியேயே, 1971 டிசம்பர் தொடக்கத்தில் மூழ்கிய பாகிஸ்தானின் காசி என்ற நீர்மூழ்கி 93 பேருடன் கிடக்கிறது. அங்கே பெரிய ஆழம் இல்லை. வெடிப்பு பெரிதாக இருந்தால் ஆழம் குறைவாக இருப்பதும் உதவாது. அவர்களும் யாரோ தாய்மார் பெற்ற பிள்ளைகள்.

கடைசியாக, குர்சுராவுக்குள் குனிந்து கடந்த அந்த வட்டக் கதவுகள். 1939 மே மாதத்தில் அமெரிக்காவின் ஸ்குவாலஸ் பயிற்சியின்போது மூழ்கியபோது பின்பகுதி நிறைந்து 26 பேர் இறந்தனர். இடைக்கதவு சாத்தப்பட்டதால் முன்பகுதியில் இருந்த 33 பேரை மீட்புக் கூண்டு இறக்கி வெளியே கொண்டுவந்தனர். அக்கப்பலையும் தூக்கிச் சீர்செய்து, செயில்ஃபிஷ் என்று பெயர் மாற்றிப் போருக்கு அனுப்பினர். அடுத்த விடுமுறையில் மறுபடியும் அவனை அழைத்துப் போ. ஒவ்வொரு கதவின் அருகிலும் நிறுத்தி, இதைச் சாத்தினால் யார் எந்தப் பக்கம் இருப்பார்கள் என்று அவனையே கேள். அவன் சொல்வதை எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா