மூன்று வயதுக்கும் பத்து வயதுக்கும் ஒரே கார்ட்டூனா?

குழந்தைகள் சேனல்களில் நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுத்து நேரம் ஒதுக்கும் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் மழலையர் வகுப்பு ஆசிரியை. 3 வயதிலிருந்து 5 வயது வரையுள்ள பிள்ளைகளோடுதான் என் வேலை. கார்ட்டூனே ஆகாது என்று சொல்பவள் இல்லை நான். நல்ல கார்ட்டூன் ஒன்றைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை புதுச் சொற்களோடு வருகிறது, அந்தக் கதையை வைத்து நாள் முழுக்க விளையாடுகிறது. அதைப் பார்க்க எனக்கும் சந்தோஷம்தான். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. எந்த நிகழ்ச்சி எந்த வயதுக்கு என்று பிரியுங்கள். பிரித்ததைத் திரையில் எழுதிக் காட்டுங்கள். சின்னப் பிள்ளைகளின் நேரத்தில் பெரிய பிள்ளைகளின் நிகழ்ச்சியைப் போடாதீர்கள்.

இப்போது என்ன நடக்கிறது? வண்ணங்களையும் வடிவங்களையும் சொல்லித்தரும் நிகழ்ச்சி ஒன்று முடிகிறது. பிள்ளை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அடுத்த நிமிடமே ஒரு ஊரை நொறுக்கித் தள்ளும் ராட்சத எந்திரங்களின் தொடர் ஆரம்பமாகிவிடுகிறது. இரண்டுமே குழந்தைகள் நிகழ்ச்சிதான் என்கிறீர்கள். 10 வயதுப் பையன் அந்தச் சண்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்து போவான். இது கதை, இதில் யாருக்கும் வலிக்காது என்று அவனுக்குத் தெரியும். 3 வயதுப் பிள்ளைக்கு அந்தத் தெளிவு வர இன்னும் சில வருடங்கள் ஆகும். பயம்கூட இந்த வயதில் வேறு மாதிரி வேலை செய்கிறது. உருவம் கோரமாக இருந்தால் போதும், அது கெட்டது. அந்த உருவம்தான் கதையின் நல்லவன் என்று எத்தனை தடவை சொன்னாலும் பிள்ளை அந்த முகத்துக்குப் பயந்துகொண்டுதான் இருக்கும்.

பெற்றோர் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். சரி, அவர்களுக்கும் பொறுப்பு உண்டு. 1 வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, அதிலும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. நானும் பெற்றோர் கூட்டங்களில் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கூடவே உட்கார்ந்து பாருங்கள், பார்த்ததைப் பற்றிப் பேசுங்கள் என்றும் சொல்கிறேன். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு எதைப் போடுவது என்று முடிவு செய்ய அவர்களிடம் என்ன இருக்கிறது? ஒரு தலைப்பு, பளிச்சென்ற ஒரு படம், அவ்வளவுதான். அந்த எபிசோடை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தவர் வீட்டில் யாரும் இல்லை. உங்கள் அலுவலகத்தில் ஒருவராவது இருப்பார். அவருக்குத் தெரிந்ததைத்தான் எங்களுக்கும் சொல்லச் சொல்கிறேன்.

சண்டையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். வேகமும் ஒரு பிரச்சினை. 2011-ல் அமெரிக்காவில் 4 வயதுப் பிள்ளைகள் 60 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு 9 நிமிடம் படுவேகமான ஒரு கார்ட்டூன், சிலருக்கு நிதானமான ஒரு கார்ட்டூன், மற்றவர்களுக்குக் கிரேயானும் காகிதமும். பார்த்து முடித்த கையோடு சின்னச் சின்ன வேலைகள் கொடுத்தார்கள். சொன்னதை மனதில் வைத்துக்கொள்வது, எதிரே இருக்கும் தின்பண்டத்தை உடனே எடுக்காமல் காத்திருப்பது மாதிரியான வேலைகள். வேகமான கார்ட்டூன் பார்த்தவர்கள் தெளிவாகப் பின்தங்கினார்கள். இந்த விளைவு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது வேறு கேள்வி. ஆனால் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஓடும் நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுப்பவர் இதை அறிந்திருக்க வேண்டும். வகுப்பில் முதல் அரை மணி நேரம் எப்படிப் போகும் என்பது சில நாட்களில் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

அடுத்து, நீதிக் கதைகள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லது என்று நம்பி நீங்கள் போடுபவை இவைதான். கதையில் இரண்டு நண்பர்கள் சண்டை போடுவார்கள், கேலி செய்வார்கள், ஒருவரை ஒதுக்கி வைப்பார்கள். கடைசி ஒரு நிமிடத்தில் மன்னிப்புக் கேட்டுக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். பெரியவர்களுக்குக் கதை அந்த மன்னிப்பில் இருக்கிறது. என் வகுப்பில் நான் பார்ப்பது வேறு. விளையாட்டு நேரத்தில் இரண்டு சிறுமிகள் அந்தக் கதையை நடிக்கிறார்கள். ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “நீ எங்கள் கூட்டத்தில் கிடையாது, போ” என்கிறாள். கார்ட்டூனில் வந்த அதே ராகம், அதே முகச்சுளிப்பு. மற்றவள் முகம் வாடி நிற்கிறாள். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டேன். “அப்புறம் பாட்டு வரும், டீச்சர்” என்றாள் முதலாமவள். மன்னிப்பு அவள் கதையிலேயே இல்லை. எபிசோடு முழுக்கப் பார்த்தது ஒதுக்கி வைப்பதை. அதுதான் மனதில் நின்றது.

இதை ஆராய்ச்சியாளர்களும் கவனித்திருக்கிறார்கள். மூன்று கால் நாய் ஒன்று புதிதாக வந்து சேரும் ஒரு கார்ட்டூன் எபிசோடு. மற்ற நாய்கள் முதலில் அதைப் பார்த்துப் பயப்படும், கடைசியில் சேர்த்துக்கொள்ளும். உடல் குறை உள்ளவர்களை விலக்காதீர்கள் என்பது பாடம். 2008-ல் வெளியான ஆய்வு ஒன்று, மழலையர் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்தப் பாடம் எட்டவில்லை என்றது. கதை நாயைப் பற்றியது, ஆகவே பாடமும் நாயைப் பற்றியது என்றே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எழுதியவர்களின் எண்ணத்தில் ஒரு குறையும் இல்லை. 5 வயது மனம் ஒரு கதையை எப்படி வாங்கிக்கொள்ளும் என்பதுதான் கணக்கில் வரவில்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன்: ஒரு கதையை வாங்குவதற்கு முன், அதன் நீதி என்ன என்று பார்ப்பதோடு, கெட்ட நடத்தை எத்தனை நிமிடம், அதைச் சரிசெய்வது எத்தனை நிமிடம் என்றும் பாருங்கள்.

நல்ல உதாரணங்கள் இல்லாமல் இல்லை. 1996-ல் அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய புளூஸ் க்ளூஸ் நிகழ்ச்சியில் நடத்துபவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா காத்திருப்பார். தொலைக்காட்சிக்காரர்கள் பயப்படும் அந்த மௌனத்தில்தான் வீட்டில் இருக்கும் பிள்ளை யோசித்துப் பதில் சொல்கிறது. ஒரே எபிசோடை வாரத்தின் ஐந்து நாட்களும் திரும்பத் திரும்பப் போட்டார்கள். நாளாக ஆகப் பிள்ளைகள் சலிக்காமல், இன்னும் சத்தமாகப் பதில் சொன்னார்கள், கதையும் நன்றாகப் புரிந்தது. பார்த்ததையே பார்க்கக் கேட்பது இந்த வயதின் இயல்பு. தினமும் புதியது போட்டாக வேண்டும் என்ற அவசரம் உங்களுக்குத்தான், அவர்களுக்கு இல்லை. இதில் உங்களுக்குச் செலவும் குறைகிறது.

வெளியில் வாங்கும் தொடர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சிலந்தி நம் நண்பன், பயப்படாதே என்று சொல்லும் பெப்பா பிக் எபிசோடு ஒன்றை 2012-ல் ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சி தன் ஒளிபரப்பிலிருந்து எடுத்துவிட்டது. பிரிட்டனில் எடுத்த கதை, விஷச் சிலந்திகள் உள்ள நாட்டில் பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகலாம். யாராவது உட்கார்ந்து முழுதாகப் பார்த்தால்தான் இதெல்லாம் கண்ணில் படும்.

டப்பிங்கிலும் கை வைக்க வேண்டும். மூலத்தில் ஒரு பூனை தடுக்கி விழும், பக்கத்தில் உள்ளவன் பேசாமல் நிற்பான். நம் மொழிக்கு வரும்போது அந்த இடைவெளியில் “அறிவு இருக்காடா உனக்கு, தண்டம்” என்று ஒரு வசனம் ஏறிவிடுகிறது. சிரிப்பு வரட்டும் என்று சேர்த்தது. 3 வயதுப் பிள்ளைக்கு அதில் நகைச்சுவை பிடிபடாது, வசை மட்டும் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் தடுக்கி விழுந்த நண்பனிடம் அதே தொனியில் சொல்லும். வசனம் எழுதுபவர்கள் திறமைசாலிகள், சந்தேகமில்லை. அந்தத் திறமையைப் பெரிய பிள்ளைகளின் தொடர்களுக்கு வைத்துக்கொண்டு, சின்னவர்களுடையதில் மௌனத்தை மௌனமாகவே விடச் சொல்லுங்கள்.

விளம்பரம் பற்றியும் சொல்லியாக வேண்டும். நிகழ்ச்சி எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்றே பல சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிபடுவதில்லை. தன்னை வாங்க வைக்கத்தான் சொல்கிறார்கள் என்பது 7, 8 வயதுக்கு மேல்தான் மெதுவாகப் புரியத் தொடங்கும். ஸ்வீடனில் 12 வயதுக்குக் குறைந்தவர்களைக் குறிவைத்துத் தொலைக்காட்சி விளம்பரம் செய்யச் சட்டமே அனுமதிப்பதில்லை. அந்த அளவுக்குப் போக உங்களால் முடியாது என்றே வைத்துக்கொள்வோம். சின்னப் பிள்ளைகளின் நேரத்தில் அவர்களுக்குப் பிடித்த கார்ட்டூன் பாத்திரமே வந்து பொருள் விற்பதையும், இரவு வரும் பயங்கரத் தொடரின் முன்னோட்டம் நடுவில் பாய்வதையும் நிறுத்த முடியும். அந்தப் பட்டியல் உங்கள் கையில்தான் இருக்கிறது.

முடியாது, பெரிய மாற்றம் என்பீர்களானால் 1997-ஐ நினைவுபடுத்துகிறேன். அந்த ஆண்டு டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போகிமான் எபிசோடு ஒன்றில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதைப் பார்த்து உடல்நலம் கெட்ட ஏறத்தாழ 700 பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகு சில மாதங்களிலேயே, 1998-ல், அங்குள்ள ஒளிபரப்பாளர்கள் ஒன்றுகூடி மின்னும் காட்சிகளுக்கு வரம்பு வகுத்துவிட்டார்கள். வேண்டும் என்று நினைத்தபோது உங்கள் துறையால் முடிந்திருக்கிறது. நான் சொல்லும் பாதிப்பில் யாரும் மருத்துவமனைக்குப் போவதில்லை, அதனால் அவசரமும் தெரிவதில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. காலை நேரத்து 1 மணி நேரத்தை 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு என்று ஒதுக்குங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியும் தொடங்கும்போது வயதைப் பெரிய எழுத்தில் காட்டுங்கள். அந்த ஒரு மணி நேரம் முடிந்ததும் அடுத்ததைச் சட்டென்று ஆரம்பிக்காமல், ஒரு நிமிடம் அமைதியான திரையை விடுங்கள். பிள்ளையை எழுப்பிக்கொண்டு போக வீட்டில் உள்ளவர்களுக்கு அந்த ஒரு நிமிடம் போதும்.

அப்புறம், அடுத்த தொடரை வாங்கும் முன் அருகில் உள்ள ஏதாவது ஒரு மழலையர் வகுப்புக்கு அதன் ஒரு எபிசோடை எடுத்துக்கொண்டு போங்கள். போட்டுக் காட்டிவிட்டு, பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள், எல்லாம் பிடிக்கும். கதையில் என்ன நடந்தது என்று ஒரு 4 வயதுப் பிள்ளையிடம் கேட்டு, அது சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்புக்கு வருவதானாலும் சரி, முன்கூட்டிச் சொன்னால் நானே ஏற்பாடு செய்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மழலையர் வகுப்பு ஆசிரியை