அந்த நான்கு பக்க ரிப்போர்ட் பற்றி

குடியாத்தம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் 3 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளிடம், அவர்கள் எழுதிய வெளி நிறுவனத் தேர்வு ஒன்றின் ரிப்போர்ட்டைக் கலர் அச்சில் நான்கு பக்கமாகக் கொடுத்தனுப்பினோம். அது என் தப்பு. உங்களை வரவழைத்து, உட்கார வைத்து, கையில் கொடுத்திருக்க வேண்டும். மறுநாள் காலை மணி அடிக்கும் முன்பே ஒரு அப்பா வாசலில் நின்றார். "இன்னா சார், அம்பத்தெட்டுதானா? ட்யூஷனுக்கு வேற காசு கட்றேன்" என்றார். முந்தின ராத்திரியே பையனுக்கு அடி விழுந்துவிட்டது. அந்த 58 மார்க்கே இல்லை என்று அவருக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. அவரிடம் பேசியதைத்தான் இப்போது எல்லோருக்கும் எழுதுகிறேன்.

இது நம் காலாண்டு, அரையாண்டுப் பரீட்சை மாதிரி இல்லை. வெளியே ஒரு நிறுவனம் கேள்வித்தாள் தயாரித்து, பல ஊர்ப் பள்ளிகளில் ஒரே தாளை ஒரே நேர அளவில் எழுதவைக்கிறது. இதில் 35 எடுத்தால் பாஸ் என்ற கணக்கே கிடையாது. அந்தப் பையன் கணக்கில் 40 கேள்விக்கு 21 சரியாகப் போட்டிருக்கிறான். அதுதான் அவன் மார்க். 58 என்பது பெர்சன்டைல், புத்தகத் தமிழில் சதமானம். சதவீதமும் சதமானமும் காதுக்கு ஒன்றுபோல இருப்பதால்தான் பாதிக் குழப்பம்.

நம் பக்கத்து மாடு விடும் விழாவை நினைத்துப் பாருங்கள். மாடு அந்தத் தூரத்தை எத்தனை விநாடியில் கடந்தது என்பது ஒன்று. அன்றைக்கு வந்த மாடுகளில் எத்தனையை அது முந்தியது என்பது வேறு. விநாடி மார்க் மாதிரி, முந்திய கணக்கு பெர்சன்டைல் மாதிரி. 58 என்றால், எல்லாப் பள்ளிகளையும் சேர்த்து அந்த வகுப்பில் இந்தத் தேர்வை எழுதிய பிள்ளைகளில் நூற்றுக்கு 58 பேரை உங்கள் பையன் முந்தியிருக்கிறான் என்று பொருள். அடிக்க வேண்டிய விஷயமா அது?

அதே மாடு அதே விநாடியில் ஓடினாலும், வேறு ஊர் விழாவில் வேறு இடத்தில் வரும். யாரோடு ஓடியது என்பதைப் பொறுத்தது. இந்தத் தேர்வு பணம் கட்டி எழுதுவது. நம் பிள்ளைகளோடு ஓடியவர்களில் பெரிய ஊர்களின் ஆங்கில வழிப் பள்ளிப் பிள்ளைகள் நிறைய. வீட்டில் தமிழோ உருதுவோ தெலுங்கோ பேசிவிட்டு வந்து, ஆங்கிலத்தில் கேட்ட கணக்கைப் போட்டிருக்கிறார்கள் நம்மவர்கள். ஏழாம் வகுப்புத் தாளில் ஒரு கேள்வி: மூன்றாவது மாடியில் இருக்கும் எலிவேட்டர் ஐந்து தளம் கீழே இறங்கினால் எங்கே நிற்கும்? வகுப்பில் பாதிப் பேர் விட்டுவிட்டார்கள். நான் கரும்பலகையில் 'லிஃப்ட்' என்று எழுதியதும், "இதுதானா சார்" என்று மைனஸ் இரண்டு போட்டுக் காட்டினார்கள். ரிப்போர்ட்டில் அது 'முழு எண்களில் பலவீனம்' என்று வந்திருக்கிறது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவையாவது போயிருக்கும் பிள்ளைக்கு லிஃப்ட் தெரியாதா என்ன!

இன்னொன்று. மாடு விடும் விழாவில் நடுவில் வருகிற மாடுகள்தான் விநாடியில் நெருக்கியடித்துக்கொண்டு வரும். இங்கும் அப்படித்தான். நடுவில் இருக்கும் பிள்ளை இரண்டு கேள்வி கூடப் போட்டாலே பெர்சன்டைல் சட்டென்று ஏறும், இரண்டு விட்டால் சரியும். 90க்கு மேல் போய்விட்டால் ஒவ்வொரு படியும் கஷ்டம். 100 ஏன் வரவில்லை என்று ஒரு அம்மா கேட்டார்கள். தன்னைத் தானே யாரும் முந்த முடியாது அல்லவா, அதனால் உச்சமே 99தான்.

58க்குக் கீழே பொடி எழுத்தில் '49 – 67' என்று இருக்கிறதே, அதை யாருமே கவனிக்கவில்லை. என்னைக் கேட்டால் அந்த ரிப்போர்ட்டில் நாணயமான இடம் அதுதான். கைக்குழந்தையைத் தராசில் வைத்தால் அது கையைக் காலை ஆட்டும், முள்ளும் ஆடும். அந்த ஆட்டத்தின் அளவுதான் இது. இதே தேர்வை இன்னொரு நாள் எழுதியிருந்தால் அநேகமாக இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் எங்கேயாவது வந்திருப்பான். போன வருஷம் 63, இந்த வருஷம் 58, படிப்பு இறங்கிவிட்டது என்று சிலர் கவலைப்படுகிறீர்கள். போன வருஷ ரிப்போர்ட்டிலும் அந்தப் பொடி எழுத்தைப் பாருங்கள். இரண்டு வரம்பும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால், இறங்கிவிட்டான் என்று சொல்ல ஆதாரம் இல்லை. இரண்டு வருஷமும் ஒரே எண் வந்தாலும் பையன் நின்ற இடத்திலேயே நிற்கிறான் என்று நினைக்காதீர்கள். மற்றவர்களும் ஒரு வருஷப் பாடம் படித்திருக்கிறார்கள், இவனும் அவர்களுக்குச் சமமாக ஓடியிருக்கிறான்.

மூன்றாவது பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகள். சிவப்பைப் பார்த்ததும் வயிற்றில் புளி கரைக்கும். எனக்கும் கரைத்திருக்கிறது. பல வருஷத்துக்கு முன்பு, வேறொரு பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தபோது, பின்னத்தில் சிவப்பு வாங்கிய ஒரு பெண்ணைத் தனியாகச் சிறப்பு வகுப்பில் உட்கார வைத்தேன். நான்கு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் அவளே சொன்னாள்: கேள்வித்தாளில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்ததாம், பிரிக்காமல் தாண்டிவிட்டாளாம். பின்னத்துக்கு இருந்ததே மூன்று கேள்வி. மூன்றும் அந்தப் பக்கத்தில். முதல் நாளே அவளைக் கேட்டிருக்கலாம், நான் கேட்கவில்லை. அதிலிருந்து பட்டையின் நிறத்துக்கு முன்னால், அதற்கு எத்தனை கேள்வி என்றுதான் பார்க்கிறேன். மூன்று, நான்கு கேள்வியில் வந்த சிவப்பை நோட்டோடு ஒத்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம். நோட்டிலும் அதே தப்பு திரும்பத் திரும்ப இருந்தால், அப்போது ரிப்போர்ட் நமக்கு உதவியிருக்கிறது.

அப்புறம், 2024 டிசம்பர் 4 அன்று நம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதினார்களே, அந்த மார்க் ஏன் வரவில்லை என்று இன்னும் கேட்கிறீர்கள். அது பரக் என்ற தேசிய அளவிலான கணக்கெடுப்பு. 3, 6, 9 வகுப்புகளுக்கு நடந்தது. ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு உடனே புரியும்: தரம் பார்க்கும் க்யூசி வந்து ஒரு லாட்டில் சில ஜோடிகளை எடுத்துப் பார்ப்பது, லாட் எப்படி என்று தெரிந்துகொள்ளத்தான். ஒவ்வொரு ஜோடிக்கும் சீட்டு எழுதித் தரமாட்டார்கள். இதுவும் அப்படித்தான், மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும்தான் முடிவு. உங்கள் பிள்ளைக்கென்று மார்க் எதுவும் வராது.

இதற்கு முன்பு நாஸ் (NAS) என்ற பெயரில் நடந்த இதே மாதிரிக் கணக்கெடுப்பை வைத்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: 2017இல் வேலூர் மாவட்டம் எப்படி இருந்தது, 2021இல் எப்படி ஆனது என்று. 2017இல் வேலூர் மாவட்டம் என்றால் ராணிப்பேட்டை, அரக்கோணம், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் எல்லாம் சேர்த்து. 2019இல் அது மூன்றாகப் பிரிந்தது. பெயர் ஒன்று, ஆட்கள் வேறு. போதாக்குறைக்கு, கொரோனாவுக்குப் பிறகு ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1. அந்த வருஷக் கணக்கெடுப்பு நவம்பர் 12. பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து பழகக்கூட நாள் போதவில்லை. இதை ஒப்பிட்டு யாரைத் திட்டுவது?

எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு மட்டும் ஒரு வார்த்தை. என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வில் மனத்திறன் 90, படிப்பறிவு 90 என்று 180 கேள்வி. 40 சதவீதம் (பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 32) எடுத்தால் தகுதி. தகுதி பெற்ற எல்லோருக்கும் மாதம் 1,000 ரூபாய் வந்துவிடாது. தமிழ்நாட்டுக்கு இடம் 6,695தான். அதனால் அங்கே வரிசை முக்கியம், பயிற்சி முக்கியம். இந்தக் கலர் ரிப்போர்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இதில் 58 வாங்கியவன் அதில் தேறமாட்டான் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண்ணைக் கேட்டு வாங்கி ஒப்பிடுவதை நான் சொல்லி நிறுத்த முடியாது, தெரியும். அந்தப் பிள்ளையின் வரம்பையும் சேர்த்தாவது பாருங்கள்.

வரும் சனிக்கிழமை காலை 10 முதல் 1 வரை வகுப்பாசிரியர்கள் இருப்பார்கள். கம்பெனி ஷிஃப்டு, கடை என்று சனிக்கிழமை வர முடியாதவர்களுக்காக ஞாயிறு மாலை 5 மணிக்கு நான் இருப்பேன். ரிப்போர்ட்டையும் கணக்கு நோட்டையும் எடுத்துக்கொண்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எந்தக் கேள்வி எங்கே தடுக்கியது என்று அவர்களுக்குத்தான் தெரியும். படிக்கத் தெரியாதே என்று யாரும் தயங்க வேண்டாம், நான் படித்துச் சொல்கிறேன். கோபத்தில் ரிப்போர்ட்டைக் கிழித்துப்போட்ட இரண்டு பேரும் தாராளமாக வரலாம். அலுவலகத்தில் நகல் இருக்கிறது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்