எடைக்குப் போன பதினோரு ஃபைல்கள்: உடலியங்கியல் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை மருத்துவக் கல்லூரிகளில் உடலியங்கியல் (பிசியாலஜி) துறையை நடத்தும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். முப்பத்தொரு வருடம் இதே பாடத்தை நடத்திவிட்டு ஓய்வுபெற்றவள் நான். உங்களில் சிலர் என் வகுப்பில் தவளையின் கெண்டைக்கால் தசையை லீவரில் மாட்டி, கரிப்புகை படிந்த தாளில் கோடு இழுத்தவர்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

இரண்டு மாதம் முன்னால் இந்த ஊரில் ஒரு கல்லூரியில், இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்று துறையின் பின் அறையைக் காலி செய்தார்கள். ஓடாத கைமோகிராஃப் (தசையின் அசைவைக் கரித்தாளில் கோடாக வரையும் சுழல் உருளை), கால் உடைந்த ஸ்டூல், காலி ரீஏஜென்ட் பாட்டில் இவற்றோடு சேர்த்து ஒரு மர பீரோவில் இருந்த பதினோரு பாக்ஸ் ஃபைலும் கண்டம் லிஸ்டில், அதாவது கழித்துக்கட்டும் பட்டியலில், ஏறிவிட்டன. ஐம்பதுகளில் அந்தத் துறையை நடத்தியவர், என் ஆசிரியர், உலகம் முழுக்க இருந்த உடலியங்கியல்காரர்களுக்கு எழுதிய கடிதங்களும் அவர்கள் எழுதிய பதில்களும் அவை. லிஸ்டில் "பழைய தாள்கள்" என்று ஒரே வரி. அங்கே வேலை பார்த்த பழைய அட்டெண்டர் போன் செய்து, "அம்மா, பெரியவர் ஃபைலெல்லாம் எடைக்குப் போயிடுச்சும்மா" என்றார். நான் ஆட்டோ பிடித்து அந்தப் பேப்பர் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் பத்து ஃபைல் லாரி ஏறிவிட்டன. மிஞ்சியது ஒன்று, அதுவும் அட்டை கெட்டியாக இருக்கிறது, மகள் படம் வரைந்து வைக்க உதவும் என்று கடைக்காரர் எடுத்து வைத்திருந்ததால். முழு ஃபைலையும் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வரியை எழுதிய கிளார்க் மேல் இல்லை. அது என்ன என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாம்.

அந்த ஃபைலில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தாளில் கார்பன் நகல்கள், ஊதா மசி மங்கிப் போயிருக்கிறது. நீல நிற ஏரோகிராம்கள். "தங்கள் கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்ப முடியுமா" என்று அச்சடித்து, கட்டுரைப் பெயரை மட்டும் கையால் எழுதி அனுப்பும் அட்டைகள் ஒரு கட்டு. ஜெராக்ஸ் இல்லாத காலத்தில் ஒரு கட்டுரையைக் கையில் பிடிக்க அதுதான் வழி. மதுவிலக்கு அமலில் இருந்ததால் ஆய்வகத்துக்கு வேண்டிய ஸ்பிரிட்டுக்கு பர்மிட் கேட்டு எழுதிய நாலு கடிதம். ஒரு கைமோகிராஃப் தாள்கூட இருக்கிறது. அரக்கு வார்னிஷில் முக்கிக் காயவைத்து நாலாக மடித்தது, மடிப்பில் கரி உதிர்ந்து வெள்ளைக் கோடு அறுந்திருக்கிறது.

எனக்குத் தூக்கம் போனது வேறு ஒரு கொத்துக் கடிதத்தைப் படித்துத்தான், 1957 மார்ச் முதல் ஜூலை வரை. ஆசிரியர் அப்போது விடுதி மாணவர்களிடம் பி.எம்.ஆர்., அதாவது உடல் சும்மா படுத்திருக்கும்போது செலவழிக்கும் ஆற்றலை, அளந்துகொண்டிருந்தார். காலை ஐந்தரை மணிக்கு எழுப்பி, இட்லியைக் கண்ணில் காட்டாமல், அரை மணி நேரம் படுக்கவைத்து, விடும் மூச்சை டக்ளஸ் பை என்ற ரப்பர் பூசிய பையில் பிடிப்பார். கிடைத்த எண்கள் மேல்நாட்டு அட்டவணையைவிடக் குறைவு. வெளிநாட்டில் இருந்த ஒரு பேராசிரியருக்கு எழுதுகிறார். அவர் மரியாதையாகவே பதில் எழுதுகிறார்: உங்கள் ஊர் வெயிலுக்குப் பையின் ரப்பர் வெடித்திருக்கும், காற்று கசிந்தால் அளவு குறைவாகத்தானே வரும், முதலில் பையைப் பாருங்கள்.

ஆசிரியர் பார்க்கிறார். அளந்த காற்றை அடைத்து, ராத்திரி முழுக்க வைத்து, காலையில் மறுபடி அளக்கிறார். ஒரு பை நிஜமாகவே கசிகிறது, அதை சைக்கிள் கடையில் சொல்யூஷன் வாங்கி ஒட்டுகிறார், அந்தப் பையில் எடுத்த ஒன்பது பேரின் கணக்கையும் தள்ளிவிட்டு அவர்களை மறுபடி ஐந்தரை மணிக்கு எழுப்புகிறார். எண் அசையவில்லை. அந்த ஏரோகிராமின் ஓரத்தில் பென்சிலில் தமிழில் எழுதியிருக்கிறார்: "பை சரி. ஆள்தான் வேற."

அச்சான கட்டுரையில் இத்தனைக்கும் சேர்த்து இருப்பது ஒரே வாக்கியம், கருவிகள் கசிவுக்குச் சோதிக்கப்பட்டன என்று.

அந்தக் கேள்வி இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. நுங்கம்பாக்கத்தில் பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் இருந்த எலினார் மேசன், பாஸ்டனில் கார்னகி ஊட்டச்சத்து ஆய்வகத்தை நடத்திய பெனடிக்ட்டோடு சேர்ந்து தென்னிந்தியப் பெண்களின் பி.எம்.ஆர். பற்றி 1931லேயே எழுதிவிட்டார். அமெரிக்க அளவைவிடக் கணிசமாகக் குறைவு என்றுதான் அவர்களும் கண்டார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் பாஸ்டனில், நடுவே கப்பல் தபால். அப்புறம் பி.எம்.ஆரைக் கணக்கிட 1985இல் ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட சமன்பாடுகள் நம் போன்ற மக்களுக்கு அளவைக் கூட்டிக் காட்டுகின்றன என்று பல ஆய்வுகள் சொல்லின. அளவு நிஜமாகவே குறைவா, ஒல்லியான உடம்பாலா, வெயிலாலா, அளந்த விதத்தாலா என்று இன்றைக்கும் ஒருவர் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால், பழைய எண்களை எவ்வளவு நம்பலாம் என்று தெரிய வேண்டும். கசிந்த பையில் எடுத்தது எது, சரியான பையில் எடுத்தது எது என்பது கடிதத்தில்தான் இருக்கிறது.

நாம் எல்லோரும் பாடம் நடத்தும் சமாசாரம் ஒன்றையும் சொல்கிறேன். நரம்புக்கும் நரம்புக்கும் நடுவே செய்தி போவது மின்சாரத்தாலா, வேதிப்பொருளாலா என்று ஹென்றி டேலும் ஜான் எக்கில்ஸும் வருடக்கணக்கில் மோதிக்கொண்டார்கள்; டேல் வேதிப்பொருள் கட்சி, எக்கில்ஸ் மின்சாரக் கட்சி. கூட்டங்களில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள், கடிதத்தில் நண்பர்கள். 1951இல் நியூசிலாந்தின் டனீடனில், பூனையின் தண்டுவடத்தில் ஒரு நரம்புச் செல்லுக்குள்ளேயே மின்முனையை நுழைத்துப் பார்த்தபோது தன் கட்சி தோற்றது என்று எக்கில்ஸே கண்டு ஒப்புக்கொண்டார். பாடப்புத்தகம் முடிவைச் சொல்லும்; இரண்டு பேர் பகையில்லாமல் எப்படிச் சண்டை போட்டார்கள் என்பது கடிதங்களால்தான் தெரிகிறது. தசையை ஆராய்ந்த ஏ.வி. ஹில்லின் தாள்கள் கேம்பிரிட்ஜ் சர்ச்சில் கல்லூரியில் பத்திரமாக இருக்கின்றன, நரம்பை ஆராய்ந்த ஹாட்ஜ்கினுடையவை அதே ஊரில் டிரினிட்டி கல்லூரியில்.

நம் பக்கம் எல்லப்பிரகடா சுப்பாராவைப் பாருங்கள். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு பாஸ்டன் போனவர், தசைக்கு ஆற்றல் தரும் பொருள்கள் மேல், அங்கே தனக்கு மேல் இருந்த ஃபிஸ்க்கோடு வேலை செய்தவர். அவர் பிரித்தெடுத்த சில பொருள்களைப் பல வருடம் கழித்து மற்றவர்கள் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, ஃபிஸ்க் அவற்றை வெளியே வரவிடவில்லை என்று நோபல் பெற்ற ஹிட்சிங்ஸ் சொல்லியிருக்கிறார். யார் எதைச் செய்தார்கள் என்று கேள்வி வரும்போது, அச்சான கட்டுரையில் பெயர் இல்லாதவருக்கு சாட்சி சொல்ல வேறு என்ன இருக்கிறது?

சரி, உங்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. பின் அறையைக் கண்டம் பண்ணுவதற்கு முன் ஒரு மத்தியானம் நீங்களே போய் பீரோவைத் திறந்து பாருங்கள், முதலாண்டு முதுநிலை மாணவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். துருப்பிடித்த ஜெம் கிளிப்பை மட்டும் மெதுவாகக் கழற்றுங்கள். செலோடேப் வேண்டாம், லாமினேஷன் தயவுசெய்து வேண்டவே வேண்டாம். எந்த ஃபைலில் எது எந்த வரிசையில் இருந்ததோ அப்படியே இருக்கட்டும், வரிசையிலும் செய்தி இருக்கிறது. ஸ்டாம்ப் சேர்க்கிறேன் என்று யாரையும் வெட்ட விடாதீர்கள். என்னிடம் இருக்கும் ஜூன் மாத ஏரோகிராமில் ஸ்டாம்பை யாரோ வெட்டியதில் உள்பக்கம் நாலு வரி போய்விட்டது, "ஆகவே என் சந்தேகம்" என்பதற்கு அப்புறம் ஓட்டைதான்.

வைக்க இடமில்லை என்றால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, பெங்களூருவில் தேசிய உயிரியல் அறிவியல் மையமான என்.சி.பி.எஸ்.ஸில் இந்திய அறிவியல் வரலாற்றுக்கென்றே ஒரு காப்பகம் நடக்கிறது. ஒரு போன் போட்டுக் கேளுங்கள். நோயாளிகள், மாணவர்கள் பெயர் வரும் தாள்களைத் தனி உறையில் போட்டு, இத்தனை வருடம் திறக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடலாம். அந்தத் தயக்கம் நியாயமானது, எரிப்பதற்கோ எடைக்குப் போடுவதற்கோ அது காரணம் ஆகாது. ஓய்வுபெற்றவர்களின் பிள்ளைகளையும் கேளுங்கள், வீட்டுப் பரணில் எத்தனையோ டிரங்குப் பெட்டி இருக்கும், டிசம்பர் மழைக்கு முன்னால் கேளுங்கள்.

கிடைத்த ஃபைலை ராமபாணப் பூச்சி அரிக்காமல் பருத்தித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். உங்களில் யார் ஒரு பூட்டிய அலமாரியும், ஸ்டாக் ரிஜிஸ்டரில் "கடிதங்கள், 1953 முதல் 1961 வரை, 214 தாள்" என்று ஒரு பதிவும் தருகிறீர்களோ அவர்களிடம் நானே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். சனிக்கிழமை காலை என்றால் எனக்கு வசதி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடலியங்கியல் ஆசிரியை ஒருத்தி,
சென்னை