வங்கி பின்லாந்துக்கு, தலைவர் ஸ்வீடனுக்கு

அன்புள்ள மணி,

நலம். வீட்டில் எல்லோரும் நலமா? மகள் ஹெல்சிங்கியில் வேலைக்குச் சேர்ந்து, நோர்தியா வங்கியில் சம்பளக் கணக்கு தொடங்கியதாக எழுதியிருந்தாய். ரொம்பச் சந்தோஷம். இங்கே அம்மாவுக்குக் கண் அறுவை முடிந்துவிட்டது. பழையபடி பேப்பர் படிக்கிறார்.

நோர்தியா என்றதும் எனக்கு பியோர்ன் வால்ரூஸ் ஞாபகம்தான் வந்தது. பின்லாந்துக்காரர், 2011 முதல் 2019 வரை அந்த வங்கியின் தலைவர். மாணவப் பருவத்தில் தீவிர இடதுசாரி, பிறகு பொருளாதாரப் பேராசிரியர், அப்புறம் வங்கியாளர். 1990-களின் தொடக்கத்தில் சோவியத் வணிகம் அறுந்துபோய், பின்லாந்தின் மார்க்கா நாணயம் சரிந்து, வேலையின்மை 3 சதவீதத்திலிருந்து 17-ஐ நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில், 1992-ல், தான் வேலை பார்த்த வங்கியின் முதலீட்டுப் பிரிவைக் கூட்டாளிகளோடு சேர்ந்து வாங்கி, 'மண்டாட்டும்' நிறுவனமாக்கினார். பின்னாளில் அது சாம்போ என்ற வங்கி, காப்பீட்டுக் குழுமத்தோடு இணைய, 2001-ல் அதன் தலைமை நிர்வாகியானார். சாம்போவின் வங்கியை 2006-ல் டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கிக்குச் சுமார் 400 கோடி யூரோவுக்கு விற்க ஒப்பந்தம் போட்டார். 2008 உலக நிதி நெருக்கடியில் மற்றவர்கள் தவித்தபோது சாம்போவின் கையில் பணம் இருந்தது. நோர்தியா பங்குகளை வாங்கிக் குவித்தது. நேரம் பார்த்து விற்பதில் மனிதர் கெட்டிக்காரர்.

அவருடைய கருத்துகள்தான் என்னை உறுத்துகின்றன. வரி குறைய வேண்டும், அரசு சுருங்க வேண்டும், பெரும்பான்மை வாக்கின் பலத்தில் ஒருவன் சொத்தில் கைவைக்கக் கூடாது என்பார். பின்லாந்தில் வாரிசு வரி, அதாவது இறந்தவரின் சொத்தைப் பெறுபவர் கட்டும் வரி, உண்டு. ஸ்வீடன் அதை 2004-லேயே எடுத்துவிட்டது. அவர் ஸ்வீடனுக்குக் குடிபோனார். அவர் தலைவராக இருந்த நோர்தியாவோ, வங்கிகள் மீதான கட்டணத்தை ஸ்வீடன் கூட்டியதும், 2018 அக்டோபரில் தலைமையகத்தை ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சிங்கிக்கு மாற்றிக்கொண்டது. ஆளும் வங்கியும் எதிரெதிர்த் திசையில் போனாலும் கணக்கு ஒன்றுதான்.

சொன்னபடி நடந்தார் என்று நீ வாதாடுவாய். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பள்ளிக்கூட ஆசிரியையும் பேருந்து ஓட்டுநரும் வரி பிடிக்கவில்லை என்று நாடு மாற முடியுமா? போகிறவர்கள் விட்டுச் செல்லும் சுமை இருப்பவர்கள் தலையில்தானே விழும்? அவர் படித்த, பாடம் நடத்திய அந்தப் பின்லாந்து, வரிப்பணத்தில் கல்வியை வளர்த்த நாடு. இந்த இடத்தில் அவரோடு என்னால் உடன்பட முடியவில்லை.

வாரிசு வரி பற்றி அலுவலகத்தில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று மகளிடம் கேட்டு எழுது. குளிருக்கு நல்ல பூட்ஸ் வாங்கச் சொல்.

அன்புடன்,
சுந்தரம்