தாராவித் தமிழ்வழிப் பள்ளிக்கு வெளிக் கலைஞர்கள்: கோரிக்கை மனு

அனுப்புநர்
பெற்றோர் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு,
மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளி,
தாராவி, மும்பை.

பெறுநர்
கல்வி அதிகாரி அவர்கள்,
மாநகராட்சிக் கல்வித்துறை,
மும்பை.

பொருள்: கலைப் பாட வகுப்புகளுக்கு வெளிக் கலைஞர்களை வாரக்கணக்கில் அழைக்கவும், அவர்களுக்கு மதிப்பூதியம் வழங்கவும் அனுமதி கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்களில் பலர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்குத் தாராவி வந்த குடும்பங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வரும் கல்வியாண்டில் 6, 7, 8ஆம் வகுப்புகளின் கலைப் பாடத்தை எப்படி நடத்தலாம் என்று குழுவில் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். ஒரு கலைஞர் ஒரு வகுப்போடு குறைந்தது நாலைந்து வாரம் இருக்க வேண்டும். வகுப்பாசிரியரும் கூடவே இருந்து கற்க வேண்டும். வந்தவருக்குக் கூலி முறையாகப் போய்ச் சேர வேண்டும். இதற்கு உங்கள் அனுமதியும் நிதியும் தேவை.

ஏன் இத்தனை வாரம் என்று நீங்கள் கேட்கலாம். சென்ற ஆண்டு தாராவியின் குயவர் குடியிருப்பான கும்பார்வாடாவிலிருந்து ஒரு குயவரை ஒரு நாள் அழைத்து வந்தோம். பிள்ளைகள் தினமும் நடக்கிற வழிதான் அது. சூளைப் புகை தெரியும், வாசலில் அடுக்கிய அகல்விளக்குகள் தெரியும். அதுவரை சக்கரத்தில் கை வைத்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. அவரும் எடுத்தவுடன் சக்கரத்தைத் தொட விடவில்லை. ஆளுக்கொரு உருண்டை மண் கொடுத்து, உள்ளங்கையால் அழுத்தி, மடித்து, மறுபடி அழுத்தச் சொன்னார். உள்ளே காற்றும் ஈரமும் தங்கினால் சூளையில் பானை வெடிக்கும், பக்கத்துப் பானையையும் சேர்த்து உடைக்கும் என்றார். பிள்ளைகள் உருண்டையை நூலால் இரண்டாக அறுத்து, குமிழி தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பிசைந்தார்கள். அதற்குள் பீரியட் முடிந்து மணி அடித்துவிட்டது. சக்கரத்தில் உட்கார வாய்த்தது ஓரிருவருக்குத்தான். மற்றவர்கள் கையாலேயே பிடித்த சின்னக் கிண்ணங்கள் நன்றாகக் காய நாட்கள் ஆகும், அப்புறம்தான் சூளை. அவர் மறுபடி வர ஏற்பாடு இல்லாததால் அவை சூளைக்குப் போகவே இல்லை. ஜன்னல் திட்டிலேயே விரிசல் விட்டு உடைந்தன. பிசைவது, வனைவது, காய வைப்பது, சுடுவது என்று நான்கு கட்டமும் பார்த்தால்தான் ஒரு பிள்ளை மண்வேலை கற்றதாகச் சொல்ல முடியும்.

அடுத்து பறை. எங்கள் தெருக்களிலேயே பறை அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அம்மன் கொடைக்கும் கூப்பிடுவார்கள், சாவு வீட்டுக்கும் கூப்பிடுவார்கள். அந்தத் தொழிலைச் சொல்லிக்காட்டிக் கேலி செய்யப்பட்ட பிள்ளைகள் எங்கள் வீடுகளில் உண்டு. இதை மனுவில் எழுத வேண்டுமா என்று எங்களுக்குள் யோசித்தோம், எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது. தீயில் காட்டித் தோலை இறுக்குவதிலிருந்து தொடங்குகிறது அந்தக் கலை. ஒரு கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி, மறு கையில் குட்டையான தடித்த அடிக்குச்சி. இரண்டுக்கும் வேறு வேறு வேலை, இரண்டும் சேர்ந்தால்தான் அடவு. மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதே கலையைத் தன் அப்பாவோ மாமாவோ பள்ளிக்குள் வந்து, ஆசிரியருக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பதை எங்கள் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

தமிழ்க் கலை மட்டும் போதும் என்று நாங்கள் நினைக்கவில்லை. பிள்ளைகள் பிறந்து வளர்வது மகாராஷ்டிராவில். பால்கர் மாவட்டத்து வார்லிப் பழங்குடி ஓவியர்கள் செம்மண் பூசிய சுவரில் அரிசி மாவைக் கரைத்து, நுனி நசுக்கிய மூங்கில் குச்சியால் வரைகிறார்கள். வட்டம், முக்கோணம், சதுரம் மூன்றை வைத்தே ஒரு கல்யாணத்தையும் அறுவடையையும் காட்டிவிடுகிறார்கள். ஜீவ்யா சோமா மஷே அவர்களுக்கு 2011இல் பத்மஸ்ரீ கிடைத்தது இந்த ஓவியத்துக்குத்தான். மார்கழியில் அதே அரிசி மாவால் வாசலில் கோலம் போடும் எங்கள் பெண் பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். அந்த மாவட்டத்து டஹாணு ரோடு வரை லோக்கல் ரயில் ஓடுகிறது. ஓவியர் வந்துபோவதும் பெரிய சிரமம் இல்லை.

எங்கள் ஓவிய ஆசிரியரின் இடத்தில் வேறு யாரையும் வைக்கக் கேட்கிறோம் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். மாநில அரசின் எலிமென்டரி, இன்டர்மீடியட் ஓவியத் தேர்வுகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யவே அவருக்கு நேரம் சரியாக இருக்கிறது. இன்டர்மீடியட் தேறினால் பத்தாம் வகுப்பில் கூடுதல் மதிப்பெண் உண்டு என்பதால் அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லவும் எங்களுக்கு மனம் வராது.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணைப்படி, நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும். தேசியக் கல்விக் கொள்கை 2020, உள்ளூர்க் கலைஞர்களைப் பள்ளிகளில் பயிற்றுநராக அழைக்கச் சொல்கிறது. இதே வகுப்புகளுக்குப் புத்தகப் பை இல்லாத பத்து நாட்களைப் பற்றிப் பேசும் இடத்தில் குயவரையும் கலைஞரையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்தப் பத்து நாட்களைத் தொடர்ச்சியாக முடித்துவிடாமல், வாரத்துக்கு இரண்டு நாளாகப் பிரித்துக் கலைஞரின் வருகையோடு சேர்க்க அனுமதி தாருங்கள். மண் காயவும் நேரம் கிடைக்கும்.

கால அட்டவணையைக் கலைஞர்களின் வேலையைப் பார்த்துத்தான் போட வேண்டும். தீபாவளி வரை குயவர்களுக்கு அகல்விளக்கு வேலை, மழைக்காலத்தில் மண்ணும் காயாது. எனவே மண்வேலை நவம்பர், டிசம்பரில். பறையைப் பொங்கலை ஒட்டி ஜனவரியில் வைக்கலாம். வார்லி ஓவியர்களில் நெல் விவசாயம் செய்பவர்கள் பலர். நடவும் அறுப்பும் முடிந்து பிப்ரவரியில் அவர்களைக் கூப்பிடுவதே நியாயம்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறோம். ஒரு நாள் பள்ளிக்கு வந்தால் குயவருக்கு அன்றைய வனைவு போயிற்று. பொன்னாடையும் சான்றிதழும் கொடுத்து அனுப்புவது எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. நாட்கூலி, பயணச் செலவு, பொருட்செலவு மூன்றும் அந்தந்த மாதமே வங்கிக் கணக்கில் சேர வேண்டும். பட்டமோ டிப்ளமோவோ கேட்டால் இவர்களில் ஒருவரும் உள்ளே வர முடியாது. செய்த வேலையைப் பார்த்துத் தலைமையாசிரியரும் குழுவும் தேர்ந்தெடுக்க வழி செய்யுங்கள். சரி, பிள்ளைகளின் பாதுகாப்பு? காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்த பிறகே கலைஞர் பள்ளிக்குள் வரட்டும், ஆசிரியர் இல்லாமல் எந்த வகுப்பும் நடக்க வேண்டாம். இதில் பெற்றோராகிய எங்களுக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

முதலில் ஏழாம் வகுப்பில் மட்டும், மண்வேலையோடு தொடங்க ஒப்புதல் தந்தாலும் போதும். தீபாவளி விடுமுறை முடிந்ததும் ஆரம்பிக்க வசதியாக, செப்டம்பருக்குள் உத்தரவு கிடைக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். சக்கரம் வைக்கப் பள்ளிப் பின்கட்டில் இடம் ஒதுக்கத் தலைமையாசிரியர் சம்மதித்துள்ளார். நீங்களோ உங்கள் அலுவலர் ஒருவரோ நேரில் வந்து பார்த்தால் மிகவும் மகிழ்வோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் உறுப்பினர்கள்

இணைப்பு: குழுத் தீர்மானத்தின் நகல், இம்மனுவின் மராத்திப் பிரதி, உத்தேசச் செலவுப் பட்டியல்.