பாறணை

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

சாப்பிடப் பயம், சாப்பிட்டாலும் வாந்தியெடுக்கிறேன் என்று நேற்று நீ அழுதழுது சொன்னதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ சரி என்றால் சொல்கிறேன்.

28 வருடம் மருத்துவமாதுவாக இருந்தவள் நான். கிளினிக்கில் பிள்ளையின் நிறை குறைந்திருந்தால் திரிபோஷா சத்துமா பைக்கற்றைத் தாயின் கையில் கொடுத்து அனுப்புவேன். மெலிவு என்றால் எனக்கு அடுப்பு எரியாத வீடுதான். ரொறன்ரோவில் நல்ல சம்பளம் எடுக்கும் பிள்ளை சாப்பாட்டுக்குப் பயப்படும் என்று நினைக்கவே வரவில்லை.

நீ கௌரி விரதம் 21 நாளும் பிடித்தாய். அது முடிந்த கையோடு சஷ்டி. 6 நாளும் வெறும் இளநீர் என்றதும் ஒழுங்கை முழுக்கப் பெருமை பேசினேன். கோணேசர் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை வேறு. விரதம் முடித்துச் சாப்பிட்டாயா, பாறணை பண்ணினாயா என்று மட்டும் கேட்கவில்லை.

அதற்கு முதல் வருடம் வந்தபோது, படலையில் வைத்தே "என்ன பிள்ளை, கொழுத்துப்போனாய்" என்றேன். அன்றிரவே புட்டையும் சூடைமீன் குழம்பையும் கோப்பையில் குவித்து, "சாப்பிடு, சாப்பிடு" என்றதும் நான்தான். அடுத்த முறை எலும்பாக வந்தாய். "இப்பதான் வடிவு" என்றார் பெரியம்மா. நானும் தலையாட்டினேன்.

இரவு நித்திரையில்லாமல் வாசித்தேன். பீஜித் தீவில் சதைப்பிடிப்பான உடம்புதான் முன்பு அழகாம். 1995இல் அங்கே ஒரு மாகாணத்துக்கு ரிவி வந்தது. நிறையைக் குறைக்க வாந்தியெடுத்ததாக அப்போது பள்ளி மாணவிகளில் ஒருத்தியும் சொல்லவில்லை. 1998இல் கேட்டபோது 100க்கு 11 பேர் ஆம் என்றார்கள். ஊரைவிட்டு அசையாத பிள்ளைகளுக்கே அப்படி. நீ தனியாகப் போய், அங்கத்தைய கண்ணாடியையும் என் வாயையும் சேர்த்துச் சுமந்தவள்.

வாந்தியெடுத்தால் பொட்டாசியம் இறங்கும், இதயத் துடிப்பு தடுமாறும். இரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் இந்தக் கிழமையே செய். மாதவிலக்கு நின்று எத்தனை மாதம் என்பதையும் ஒளிக்காதே. "எங்கள் சமயத்தில் விரதம்" என்று டொக்டருக்குச் சொல்லித் தப்பாதே. அவர் நம்பிவிடுவார். நோயாளிக்கு விரதமில்லை என்று நம் பெரியவர்களே சொல்லுவார்கள்.

வீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்க மாட்டேன், அங்கே சிகிச்சையை முடி. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் உடம்பைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டேன். மீன் விலை பேசுவோம். பெரியம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்த வருட சஷ்டியை உனக்காகவும் நானே பிடிக்கிறேன். நீ அந்த 6 நாளும் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா