அந்த வலது கையைப் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. கிணற்றடி முருங்கை இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கதைக்கும்போது இரண்டு தரம் வலது கையை உதறினாய், ஈரக்கையில் தண்ணீர் உதறுகிறமாதிரி. என்ன பிள்ளை என்று கேட்டேன். "ஒண்டும் இல்லை அம்மா, விறைக்குது" என்று சொல்லிவிட்டுக் கதையை மாற்றினாய். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்த உதறல் எனக்குத் தெரியும். பதினொரு வருடம் நானும் அப்படித்தான் உதறினேன்.

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்க முதல் எங்கள் விறாந்தையில் வெள்ளைத் துணி குவிந்து கிடக்குமே, உனக்கு ஞாபகம் இருக்கும். மெசின் மிதிக்கிறது எனக்குப் பாரமாய் இருக்கவில்லை. கத்திரிக்கோல்தான் கையைத் தின்றது. நாலைந்து மடிப்புத் துணியை ஒன்றாய் வைத்து, மணிக்கட்டை வளைத்து, இறுக்கிப் பிடித்து வெட்ட வேண்டும். நடுச்சாமத்தில் கை விறைத்து எழும்புவேன். கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு உதறினால் போய்விடும். போய்விடுகிறதுதானே என்றுதான் விட்டேன்.

பிறகு ஒரு இடத்தில் காட்டினேன். கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் நரம்புத் தளர்ச்சி என்று விற்றமின் குளிசை தந்தார்கள். இரண்டு வருடம் விழுங்கினேன். அம்மம்மா நல்லெண்ணெய் தேய்த்துவிட்டா. தேய்க்கும்போது சுகமாய்த்தான் இருந்தது, விடிய மறுபடியும் அதே விறைப்பு. ஒருநாள் உன் தம்பியின் சட்டைப் பொத்தானைப் பூட்டப் போனேன், விரலுக்குள் பொத்தான் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அப்போதுதான் உள்ளங்கையைத் திருப்பி வடிவாய்ப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே மேடாய் இருக்கிற சதை வற்றிப் பள்ளமாய்ப் போயிருந்தது.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு பிசியோதெரபிப் பிள்ளை பொறுமையாய் விளங்கப்படுத்தினா. மணிக்கட்டில் உள்ளங்கைப் பக்கமாக ஒரு ஒடுங்கிய பாதை இருக்கிறது, கார்ப்பல் டனல் என்பார்கள். அடியிலும் கரையிலும் எலும்பு, மேலே இழுபடாத தடித்த நார். அதற்குள்ளால் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. எங்கள் ஒழுங்கையை நினைத்துக்கொள். இரண்டு பக்கமும் மதில். ஒன்பது பெரிய ஆட்கள் போகிற இடத்தில் ஒரு சின்னப்பிள்ளையும் போகிறது. ஆட்கள் கொஞ்சம் வீங்கினாலும் நசுங்குகிறது பிள்ளைதான். மணிக்கட்டை மடித்தால் ஒழுங்கை இன்னும் ஒடுங்கும். நித்திரையில் நாம் கையை மடித்து வைத்துக்கொள்கிறோம், அதனால்தான் இரவில் விறைப்பு கூடுகிறது.

அந்த நரம்பு போவது பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி. சின்னவிரலுக்குப் போவதில்லை. ஆகவே எந்த விரல் விறைக்கிறது என்று கவனித்து எனக்கு எழுது. சின்னவிரல்தான் விறைக்கிறது என்றால் அது வேறு நரம்பு, அநேகமாய் முழங்கைப் பக்கம் பார்க்க வேண்டும். பேரனைத் தூக்கித் தூக்கி உன் சித்திக்கு வந்தது இன்னொன்று. விறைப்பே இல்லை, பெருவிரல் பக்க மணிக்கட்டில் வெட்டுகிறமாதிரி நோ. மூன்றுக்கும் ஒரே வைத்தியம் இல்லை. இன்னொன்றும் செய்து பார்: இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே பார்க்க, ஒரு நிமிடம் வைத்திரு. விறைப்பு வந்தால் டொக்டரிடம் அதைச் சொல்லு.

உன்னுடைய கொம்பியூட்டர் வேலைதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், டொக்டர்மாரும் சொல்வதில்லை. இறுக்கிப் பிடிக்கிற வேலை, அதிர்கிற வேலை, மணிக்கட்டை மடித்தே வைத்திருப்பது, இவற்றுக்குத்தான் இது கூடுதலாய் வரும். சீனி வருத்தம், தைரொயிட் இருந்தாலும் வரும். அந்த இரண்டு இரத்தப் பரிசோதனையும் செய்துகொள். எங்கள் குடும்பத்தில் சீனி இருக்கிறது என்று மறக்காமல் சொல்லு.

வேலையில் சோம்பல் என்று நினைத்துவிடுவார்கள் என்று பயப்படாதே. இத்தாலியில் ராமாசினி என்ற டொக்டர் 1713இல் வந்த தன்னுடைய புத்தகத்திலேயே, நாள் முழுக்க இருந்து எழுதுகிற எழுத்தர்களுக்குக் கை களைத்து விறைப்பதை எழுதியிருக்கிறாராம். அப்பா எங்கேயோ வாசித்துவிட்டுச் சொன்னார். முந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட வருத்தம் இது, உன்னுடைய பலவீனம் இல்லை.

இன்றைக்கே தொடங்கக்கூடியது மணிக்கட்டை நேராய் வைத்திருக்கிற பட்டிதான். ஸ்பிளின்ட் என்பார்கள், பார்மசியிலேயே கிடைக்கும். இரவில் கட்டிக்கொண்டு படு. இறுக்கிக் கட்டாதே. குறைந்தது ஆறு கிழமை விடாமல் கட்ட வேண்டும், நாலு நாளில் மாறவில்லை என்று கழற்றி எறியாதே. மவுஸை எட்டிப் பிடிக்காமல் பக்கத்தில் வை. கதிரையை உயர்த்து, மணிக்கட்டு மேல்நோக்கி மடியக் கூடாது. படுக்கையில் போனைப் பிடித்துக்கொண்டு கிடப்பதையும் கொஞ்சம் குறை மகள். அதற்கும் மாறாவிட்டால் ஸ்டீரொயிட் ஊசி இருக்கிறது, நரம்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிற பரிசோதனை இருக்கிறது, கடைசியில் ஒப்பரேஷன்.

எனக்கு ஒப்பரேஷன்தான் செய்தார்கள். கையை மட்டும் மரக்கச்செய்து, மேலே இருந்த நாரை வெட்டிவிட்டார்கள். அந்தக் கிழமையே இரவு விறைப்பு நின்றது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு விடியும்வரை நித்திரை கொண்டேன். ஆனால் வற்றின சதை திரும்பி வரவில்லை. இப்போதும் இடியப்பம் பிழிகிறது அப்பாதான். பதினொரு வருடம் இழுக்காமல் தொடக்கத்திலேயே போயிருந்தால் ஒரு பட்டியோடு முடிந்திருக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் மனம் பொறுக்குதில்லை. உனக்கு விறைப்பு இன்னும் வந்து வந்துதான் போகிறது. இந்தக் கிழமையே போ. எப்போதும் விறைப்பாய் இருந்தாலோ, கையில் பிடித்தது நழுவி விழுந்தாலோ ஒரு நாளும் தள்ளாதே.

அடுத்த மாதம் மாமி ரொறன்ரோ வருகிறா. ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் கட்டி வைத்திருக்கிறேன். பட்டி நேரே தோலில் பட்டால் இரவில் அரிக்கும், எனக்கு அரித்தது. உள்ளே போட மெல்லிய பருத்தித் துணியில் நாலு உறை தைத்துத் தருகிறேன். உன் மணிக்கட்டை ஒரு நூலால் சுற்றி அளந்து, எத்தனை அங்குலம் என்று எழுது.

அம்மா